மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் படித்த மேதை

புத்தகத்தைப் பிரித்துப் படித்து மேதையானவர்கள் பலர். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் படித்து மேதையானவர் ஒருவர் உண்டு. அவர்தான் கோயம்புத்தூர் தந்த விஞ்ஞானி ஜி. டி. நாயுடு அவர்கள். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அவருடைய வாழ்க்கையைப் பற்றித் தேடி அறிந்தவற்றைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், கோபால்சாமி நாயுடு என்ற விவசாயியின் மகனாகத் துரைசாமி பிறந்தார். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்குக் கசப்பு. ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிவிடுவார் என்று கூடச் சொல்வார்கள். (தோழியரே, இதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்!) தொடக்கப் பள்ளியோடு அவருடைய படிப்பு நின்றது.

ஒரு நாள் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். அது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ரட்ஜ் வண்டி. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுவதை அன்றுதான் துரைசாமி கண்டார். அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை உறங்கவிடவில்லை. வீட்டை விட்டுக் கோவைக்குச் சென்று, ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். பிறகு அந்த அதிகாரியிடமே சென்று வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றி வந்து பெருமை கொண்டாடினாரா? இல்லை. வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். மறுபடியும் பூட்டினார். இப்படித்தான் அவர் எஞ்சினைக் கற்றார்.

கழற்றுவது எளிது, பூட்டுவதுதான் கடினம் என்பது தையல் இயந்திரத்தைத் திறந்து பார்த்த எவருக்கும் தெரியும். அதிலும் மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எல்லாத் திருகுகளையும் சரியாக முடுக்கினாலும், தீப்பொறியின் நேரம் தவறினால் எஞ்சின் ஓடாது. இதைத்தான் பட்டறைகளில் டைமிங் வைப்பது என்கிறார்கள்.

அதனைச் சற்று விளக்குவோம். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அழுத்துகிறது. அப்போது பிளக்கில் பொறி தெறித்துக் கலவை எரிகிறது. எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஆனால் தீ பரவுவதற்கும் சிறிது நேரம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னரே பொறி விழ வேண்டும். மிகவும் முந்தினால் தீயின் விசை ஏறிவரும் பிஸ்டனை எதிர்த்து அடிக்கும். எஞ்சின் இடிக்கும். கிளப்பும்போது கிக்கர் திருப்பியடித்துக் காலைப் பதம் பார்க்கும். மிகவும் பிந்தினால் வலு குறையும், எஞ்சின் வீணே சூடேறும். நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றும் நான்கு வீச்சு ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 20 தடவை பொறி விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் உரிய கணத்தில் விழ வேண்டும்!

அக்காலத்து வண்டிகளில் பொறியைத் தந்தது மேக்னெட்டோ என்னும் கருவி. அதில் பாயிண்ட் எனப்படும் இரண்டு சிறு உலோக முனைகள் ஒட்டியிருக்கும். அவை விலகும் கணத்தில் பொறி பிறக்கும். பழைய மெக்கானிக்குகள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருந்தார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக ஒரு கம்பியை விட்டுப் பிஸ்டன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பாயிண்டுகளுக்கு இடையே மெல்லிய தாளை வைத்து இலேசாக இழுத்துப் பிடிப்பார்கள். எஞ்சினை மெல்லச் சுற்றும்போது தாள் நழுவிவரும் இடமே பொறி விழும் இடம். எஞ்சினில் ஏதேனும் மாற்றம் செய்து அழுத்தத்தைக் கூட்டிவிட்டால் பழைய கணக்குப் பொருந்தாது. மறுபடியும் நேரம் பார்த்து வைக்க வேண்டும்.

ரட்ஜ் வண்டியை மறுபடியும் ஓட வைக்க எண்ணிய எவரும் இந்தக் கட்டத்தைக் கடந்தே ஆக வேண்டும். சொல்லித்தர ஆசிரியர் இல்லை. வண்டியே ஆசிரியர், அது ஓடினால்தான் தேர்ச்சி. பள்ளியை வெறுத்த பிள்ளை இந்தக் கடுமையான தேர்வுக்குத் தாமாகவே சென்று அமர்ந்தது விந்தையல்லவா?

1920ஆம் ஆண்டு, கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் ஒரு பேருந்தைப் பெற்று, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார் நாயுடு. அந்த ஒரு பேருந்து வளர்ந்து யு. எம். எஸ். என்னும் பெரிய நிறுவனமாயிற்று. 1937இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து பீளமேட்டில் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. மின்சாரச் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, வாக்குப் பதிவு இயந்திரம் என அவர் படைத்தவை பல. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார்.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற அவரே காரணமாக இருந்தார். பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் வேண்டாம், இரண்டே ஆண்டுகள் போதும் என்பது அவருடைய கருத்து. அரசு அதனை ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 1952இல் இரண்டு பேர் அமரும் சிறிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலைக்கு உருவாக்கினார். அப்போது நம் புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இந்திய அரசு உரிமம் தராததால் அந்தக் கார் சந்தைக்கு வரவே இல்லை. எஞ்சினின் நேரத்தை அவரால் திருத்த முடிந்தது. நாட்டின் நேரத்தைத் திருத்துவது அவர் ஒருவர் கையில் இல்லை.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவருடைய அருங்காட்சியகம் இருக்கிறது. அதே சாலையில் 2025இல் திறக்கப்பட்ட, 10 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றைய வண்டிகளில் பொறியின் நேரத்தை ஒரு சிறு கணினியே முடிவு செய்கிறது. ஆயினும் நம் மிஷன் வீதியில் கடகடவென்று போகும் பழைய புல்லட்டுகள் சிலவற்றில் இன்னும் பாயிண்டுதான். அவற்றின் டைமிங்கை வீட்டு வாசலில் உட்கார்ந்தே சரிசெய்யும் அண்ணன்மார் நம் ஊரில் உண்டு. அக்காமார் ஏன் இல்லை என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பெண் பிள்ளைக்கு ஸ்பானர் எதற்கு என்ற கேள்வி இன்னும் பல வீடுகளில் கேட்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய வேண்டிய நமக்கு இது வெறும் பேச்சு அன்று. இலாசுப்பேட்டையில் மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. கற்க விரும்புவோருக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது.

நாயுடு அவர்களிடம் பட்டமும் இல்லை, பணமும் இல்லை. புரியாத பொருளைத் திறந்து பார்க்கும் துணிவும், திறந்ததை மறுபடி ஓட வைக்கும் பொறுமையும் இருந்தன. இவை ஆணுக்கு மட்டும் உரியவை என்று எந்த எஞ்சினும் சொல்வதில்லை. நேரம் சரியாக இருந்தால் அது யார் மிதித்தாலும் கிளம்பும்.