குடியானவனிடம் பாடம் கேட்ட ஆங்கிலேயர்

அன்னிய ஆட்சிக் காலத்தில் நம் நாட்டுக்கு வந்த உத்தியோகஸ்தர்களில் பெரும்பாலோர், நமக்குப் போதிப்பதே தங்கள் கடமை என்று எண்ணினர். அவ்வாறு வந்து, போதிப்பதை நிறுத்தி, நம் குடியானவனுக்கே சீடராக அமர்ந்த ஒருவரைத் தேடினால் ஸர் ஆல்பர்ட் ஹோவர்டின் பெயர் முதலில் நிற்கும். பயிர்ப் பாதுகாப்பு என்றாலே மருந்துத் தெளிப்பு என்று பொருள் கொள்ளும் இந்நாளில், அவருடைய வாழ்க்கையை வாசகர்களுக்கு நினைவூட்டுவது அவசியமென்று கருதுகிறோம்.

ஹோவர்ட் 1873-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் ஜில்லாவில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துத் தேறி, 1899-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று பயிர்களின் காளான் நோய்களை ஆராய்ந்தார். அங்கே ஒரு குறை அவரை உறுத்தியது. நோய்க்குப் பரிகாரம் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் அப்பரிகாரத்தைத் தாமே சோதித்துப் பார்க்க அவருக்கு நிலம் இல்லை. கலப்பை பிடிக்காதவன் உழவனுக்கு உபதேசம் செய்வது எவ்விதம் தகும்?

1905-ல் அவர் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்குச் சர்க்கார் தாவர சாஸ்திரியாக வந்து சேர்ந்தார். அவர் கோரியபடி 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. சுற்றுப்புறக் கிராமங்களைக் கண்ணுற்ற அவர் வியப்படைந்தார். அங்குள்ள குடியானவர்கள் பூச்சி மருந்தையோ காளான் மருந்தையோ அறியாதவர்கள். ஆயினும் அவர்களுடைய பயிர்களில் நோயும் பூச்சியும் மிகக் குறைவாகவே இருந்தன. ஆகவே அவர்களையும், பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் ஆசிரியர்களாக ஏற்பதென முடிவு செய்தார். பூச்சி வந்தால் அதை உடனே கொல்லாமல், நிலத்திலோ விதையிலோ சாகுபடி முறையிலோ நேர்ந்த பிழை எதுவென்று தேடினார். ஐந்து ஆண்டுகளில், மருந்தின் துணையின்றியே நல்ல பயிர் விளைவிக்கக் கற்றுக்கொண்டார்.

பீகாரில் அவுரிச் செடிகள் வாடி மடிந்ததற்குக் காரணம், நீர் தேங்கி மண்ணுக்குள் காற்றோட்டம் அற்றுப்போய் வேர் அழிந்ததே என்று ஹோவர்ட் தம்பதிகள் கண்டனர். வேரைக் கவனியாமல் இலைக்கு வைத்தியம் செய்து என்ன பயன்? அவருடைய மனைவி காப்ரியேல் அம்மையார் தாமே சிறந்த தாவர சாஸ்திரி. 1913-ல் சர்க்காரின் இரண்டாவது தாவர சாஸ்திரியாக நியமனம் பெற்றவர். பூசா கோதுமை ரகங்களின் புகழில் அவருக்கும் சமபங்கு உண்டு.

காளான் நோய்க்கு ஒருவர், பூச்சிக்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர் என்று ஆராய்ச்சி துண்டாடப்பட்டிருந்ததை ஹோவர்ட் சகிக்கவில்லை. பயிர் ஒன்று, அதைக் கூறு போட்டுப் பார்ப்பதால் உண்மை புலப்படாது என்பது அவர் துணிபு. 1924-ல் இந்தூரில் தம் கருத்துக்கு இசைந்த ஸ்தாபனத்தை அமைத்தார். செத்தை, சருகு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றைக் குழியிலிட்டு, மும்முறை புரட்டி, சுமார் மூன்று மாதத்தில் நல்ல எருவாக்கும் இந்தூர் முறை அங்கே உருவாயிற்று. அதைப் பற்றி 1935-ல் மகாத்மா காந்தியின் ‘ஹரிஜன்’ பத்திரிகையும் எழுதிற்று. காப்ரியேல் அம்மையார் 1930-ல் காலமானார். மறு ஆண்டு ஹோவர்ட் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். 1940-ல் வெளியான அவருடைய விவசாய நூல் மேல்நாடுகளில் இயற்கை விவசாய இயக்கத்துக்கு வித்திட்டது. இந்தியா சுதந்திரம் பெற்ற இரண்டாவது மாதத்தில், 1947 அக்டோபர் 20-ந் தேதி, அவர் மறைந்தார்.

அவர் சொன்னதனைத்தும் வேதவாக்கு என்று நாம் கூறவில்லை. மண் வளமாயிருந்தால் நோயே அணுகாது என்ற அளவுக்கு அவர் சென்றது மிகையே. கோதுமையின் துரு நோயை ஆராய்ந்த ஆக்ரா பேராசிரியர் கே. ஸி. மேத்தா, அந்நோயின் வித்துக்கள் சமவெளியின் கோடை வெப்பத்தில் பிழைப்பதில்லை என்றும், இமயம், நீலகிரி, பழனி மலைப் பகுதிகளில் தங்கியிருந்து மீண்டும் காற்றில் இறங்கி வருகின்றன என்றும் காட்டினார். காற்றில் வரும் நோய், எருவிட்ட வயலென்று பார்த்து ஒதுங்குமா? அதற்கு விடை, நோயைத் தாங்கும் விதையில் கிடைத்தது. பி. பி. பால் முதலியோர் உழைத்து உண்டாக்கிய என். பி. 809 என்ற கோதுமை 1954-ல் வெளிவந்தது. மண்ணும் வேண்டும், விதையும் வேண்டும், தவிர்க்க முடியாத வேளையில் அளவறிந்து மருந்தும் வேண்டும். ஆயினும் வரிசை மாறலாகாது என்பதே நம் வாதம்.

இன்று நடப்பதோ தலைகீழ். இலையில் ஒரு புள்ளி தென்பட்டதும் விவசாயி கடைக்கு ஓடுகிறான். பூச்சியோடு, அதைத் தின்று நமக்கு உதவும் சிலந்தியும் பொறிவண்டும் மடிகின்றன. தப்பிய பூச்சியின் சந்ததி மருந்துக்கு அஞ்சாததாகிறது. கடன் மட்டும் வளர்கிறது. கிராமத்தின் குப்பை எருவாகாமல் எரிகிறது.

ஆகவே சர்க்காருக்கும் விவசாயக் கல்லூரிகளுக்கும் நாம் கூறுவது இதுதான்: மருந்தின் பெயரைச் சொல்லுமுன் வயலின் மண்ணையும் வடிகாலையும் விதையையும் சோதித்துச் சொல்லுங்கள், சொல்பவர் தாமே பயிரிட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அன்னியராக வந்த ஒருவர் நம் குடியானவனுக்கு அளித்த மதிப்பை, சுதந்திர நாட்டின் அதிகாரிகளும் அவனுக்கு அளிக்கக் கடமைப்பட்டவர்கள்.