ஹாரி குரோ பக்

ஹாரி குரோ பக் (நவம்பர் 25, 1884 – சூலை 24, 1943) அமெரிக்க உடற்கல்வியாளர் ஆவார். இவர் 1920ஆம் ஆண்டில் சென்னையில் ஒய். எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1924ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட இந்திய அணியின் மேலாளராகவும் இருந்தார். உடற்கல்வி இந்தியாவில் தனியொரு ஆசிரியப் பணியாக வளர அடித்தளம் இட்டவர்களுள் இவர் முதன்மையானவர்.

பின்னணி

பக் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். மாசச்சூசெட்சு மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய். எம். சி. ஏ. பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் இக்கல்லூரிக்குத் தனி இடம் உண்டு. 1890ஆம் ஆண்டில் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் இங்கு அமெரிக்கக் காற்பந்து அணி ஒன்றை உருவாக்கினார். அவ்வணியில் ஆடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891இல் அதே கல்லூரியில் கூடைப்பந்தை உருவாக்கினார். இங்குப் பயின்ற வில்லியம் மார்கன் 1895இல் கைப்பந்தாட்டத்தை அமைத்தார். கூடைப்பந்தும் கைப்பந்தும் ஒய். எம். சி. ஏ. வழியாகவே இந்தியாவில் பரவின. பெருஞ்செலவும் தனிக் கவசங்களும் தேவைப்பட்ட அமெரிக்கக் காற்பந்து இந்தியக் கல்லூரிகளில் வேரூன்றவில்லை.

சென்னைக் கல்லூரி

பக் இந்தியா வந்த காலத்தில், பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் நடத்திய அணிவகுப்புப் பயிற்சியாகவே இருந்தது. கல்லூரிகளில் விளையாட்டு, அணியில் இடம்பெற்ற சிலருக்கே கிடைத்தது. ஏனைய மாணவர்கள் பார்வையாளராகவே நின்றனர். வெற்றிபெறும் ஓர் அணியைவிட, எல்லா மாணவர்க்கும் ஆடக் கற்றுத்தரும் ஆசிரியர்களே தேவை என்ற அடிப்படையில் பக் செயல்பட்டார்.

1920ஆம் ஆண்டில் ஒரு சில மாணவர்களுடன் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பின்னர் கல்லூரியாக வளர்ந்து, அடையாற்றின் கரையை அடுத்த நந்தனத்தில் நிலைபெற்றது. சமய வேறுபாடு இன்றி மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் இலங்கை, பர்மா ஆகிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து பயின்றனர். மேலைநாட்டு விளையாட்டுகளோடு தண்டால், பஸ்கி, யோகாசனம் போன்ற இந்தியப் பயிற்சிகளுக்கும் பக் தம் பாடத்திட்டத்தில் இடமளித்தார். ஆசிரியர்களும் நடுவர்களும் பயன்படுத்தும் வகையில் விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார். உடற்கல்வி தொடர்பாகச் சென்னை மாகாண அரசுக்கு ஆலோசகராகவும் பணியாற்றினார்.

ஒலிம்பிக் பணி

1924ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற அகில இந்தியப் போட்டிகளிலிருந்து தடகள வீரர்கள் எண்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுக்கு மேலாளராகப் பக் பாரிசு சென்றார். நீளம் தாண்டலில் தலிப் சிங்கும் தடை ஓட்டத்தில் சி. கே. இலட்சுமணனும் பங்கேற்றனர். இந்தியா அவ்வாண்டு பதக்கம் எதையும் பெறவில்லை. எனினும், மாகாணங்களிலிருந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் முறை உருப்பெற இம்முயற்சி உதவியது. இதன் தொடர்ச்சியாக 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைக்கப்பட்டது. தோராப்ஜி டாட்டா அதன் முதல் தலைவரானார், ஒய். எம். சி. ஏ.வைச் சேர்ந்த ஏ. ஜி. நோரன் செயலாளரானார்.

மறைவும் நினைவும்

பக் தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் சென்னைக் கல்லூரிக்கே செலவிட்டார். அப்பணியில் இருக்கையிலேயே 1943ஆம் ஆண்டு காலமானார். அவரது துணைவியாரும் கல்லூரிப் பணிகளில் துணைநின்றார். அவரிடம் பயின்றவர்கள் இந்தியாவின் பல பகுதிகளில் பள்ளி, கல்லூரிகளின் உடற்கல்வி ஆசிரியர்களாகவும் இயக்குநர்களாகவும் பணியாற்றினர். பிற்காலத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உட்படப் பல நிறுவனங்கள் உடற்கல்விப் படிப்புகளைத் தொடங்கின. நந்தனத்தில் பக் பெயரால் நினைவு விளையாட்டுப் போட்டிகளும் நடத்தப்பட்டு வந்துள்ளன.