பல்வாங்கர் பாலு: 1911ஆம் ஆண்டின் 114 விக்கெட்டுகளும் மறுக்கப்பட்ட தலைமையும்

1911ஆம் ஆண்டுக் கோடையில் அனைத்திந்திய அணி என்ற பெயரில் ஒரு கிரிக்கெட் அணி முதன்முதலாக இங்கிலாந்து சென்றது. ஆடிய 23 ஆட்டங்களில் 6இல் வென்று 15இல் தோற்றது. அணித்தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், சில ஆட்டங்களோடு மைதானத்தை மறந்தார். ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா நடந்த ஆண்டு அது. அவருக்கு விருந்துகளே முதன்மையாயின. தோற்றுத் திரும்பிய அந்த அணியில் ஒருவர் மட்டும், 35 வயதில், தோள்வலியோடு பந்துவீசி 114 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். லெஸ்டர்ஷயருக்கு எதிராக 11. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 8. அவர் பல்வாங்கர் பாலு. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்.

1876இல் தார்வாடில் பிறந்தவர். தந்தைக்குப் படையில் வேலை. குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. பார்சிகளின் கிரிக்கெட் கழகத்தில் ஆடுகளத்தைக் கூட்டிப் பெருக்கி உருளை இழுப்பதற்கு மாதம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியரின் பூனா கிளப்பில் 4 ரூபாய். அங்குதான் ஆங்கிலேய ஆட்டக்காரர்களின் வலைப்பயிற்சிக்கு மணிக்கணக்காகப் பந்துவீசினார். மட்டையைப் பிடிக்கும் வாய்ப்பு மட்டும் அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய திறமை அறிந்து பூனா இந்துக்கள் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு அரங்கிற்கு வெளியே, எறிந்துவிடக்கூடிய மண்குவளையில் தேநீர்; உணவும் தனியே.

1890களின் பிளேக் நோய்க் காலத்தில் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். 1906இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வீழ்த்திய ஆட்டத்தில் 8 விக்கெட்டுகள் அவருடையவை. சாதி இந்துக்கள் அந்த வெற்றியைத் தேசத்தின் வெற்றியாகவே கொண்டாடினர்.

மேனாம்பேட்டு இளைஞர்கள் சிலரிடம் ஒருமுறை இக்கதையைச் சொன்னேன். அவர் எத்தனை ஆண்டுகள் கேப்டனாக இருந்தார் என்பதே அவர்களின் முதல் கேள்வி. ஒரு தொடருக்குக்கூட இல்லை. 1910 முதல் பத்தாண்டுகள் அந்தக் கோரிக்கை எழுந்தது. ஒவ்வொரு முறையும் அவரைவிடக் குறைந்த சாதனையுள்ள உயர்சாதியினர் ஒருவருக்கே தலைமை போனது. 1920இல் பாலுவின் தம்பியரான சிவராமும் விட்டலும், தங்களைத் தாண்டி இன்னொருவரைத் தலைவராக்கியதை எதிர்த்து அணியிலிருந்து விலகினர். அந்த எதிர்ப்புக்குப் பின்னரே பாலு துணைத்தலைவரானார். 1923இல் விட்டல் தலைமை ஏற்றார். அவ்வாண்டு இந்துக்கள் கோப்பையை வென்றனர். இடஒதுக்கீட்டு வழக்குகளில் எதிர்த்தரப்பு 'தகுதி' என்று உச்சரிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்தப் பத்தாண்டுகள்தான். விக்கெட்டுகளின் எண்ணிக்கையை எவரும் மறுக்கவில்லை. அவருடைய ஆணைக்குக் கீழ்ப்படியத்தான் மறுத்தனர்.

1911இல் பாலு நாடு திரும்பியபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பளித்தனர். வரவேற்புரையை ஆக்கித் தந்தவர், எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் அப்போது பயின்றுகொண்டிருந்த அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா பதிவு செய்கிறார்.

இருவரின் பாதைகளும் பின்னர் பிரிந்தன. தனித்தொகுதிக் கேள்வியில் பாலு, பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜாவின் பக்கம், அதாவது காந்தியின் பக்கம் நின்றார். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோரில் அவரும் ஒருவர். 1937 பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அண்ணலுக்கு எதிராகவே நிறுத்தியது. சுமார் 2000 வாக்குகள் வித்தியாசத்தில் பாலு தோற்றார். அந்த முடிவு பிழையானது என்றே நான் கருதுகிறேன். மண்குவளையில் தேநீர் கொடுத்தவர்கள் மனம் மாறுவார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் காங்கிரஸ் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் நம் இயக்க நினைவிலிருந்து அவரை விலக்கி வைப்பதற்கு இது காரணமாகாது. 1937ஐ மறைக்காமலேயே 1911ஐ நம்முடையதாகச் சொல்ல முடியும்.

இந்தியா லார்ட்ஸில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932இல். அப்போது பாலுவுக்கு வயது 56. 33 முதல்தர ஆட்டங்களில், சராசரி 15.21 ஓட்டங்களுக்கு ஒன்றாக 179 விக்கெட்டுகள் எடுத்த அவர், 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார்.