கிழவரை எடுக்கலாமா?

42 வயதில் பெரிய ஆட்டத்துக்கு வந்த பந்து வீச்சாளர் சாட்சல் பெய்ஜின் கதை

அமெரிக்க மக்கள் உயிராக நினைக்கும் ஆட்டம் பேஸ்பால். கோடை முழுவதும் ஆட்டம் நடக்கும். குளிர்காலம் முழுவதும் அதைப் பற்றிய பேச்சு நடக்கும்!

பெரிய நகரத்து அணிகளிடம் பணம் உண்டு. நல்ல ஆட்டக்காரர் எங்கே இருந்தாலும் விலை பேசி அழைத்துக்கொள்வார்கள். சிறிய அணிகளின் பாடுதான் திண்டாட்டம். வயதாகிப்போன பந்து வீச்சாளர் யாராவது அவர்களுக்குக் கிடைப்பார். உடனே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

கிழட்டுக் கை எத்தனை நாள் தாங்கும், அந்த இடத்தில் ஓர் இளைஞனைப் போட்டால் நாளைக்கு உதவுவானே என்பது ஒரு கட்சி. அனுபவம் சும்மா வருமா, அவருடைய பெயருக்காகவே நாலு பேர் டிக்கெட் வாங்குவார்களே என்பது இன்னொரு கட்சி.

இந்த வழக்கு எத்தனையோ பேர் விஷயத்தில் நடந்தது உண்டு. ஆனால் சாட்சல் பெய்ஜ் என்ற ஒரே மனிதர் விஷயத்தில் அது திரும்பத் திரும்ப நடந்தது. அவருக்கு 32 வயதானபோது கேட்டார்கள். 42 வயதில் கேட்டார்கள். 59 வயதிலும் கேட்டார்கள்!

ஒவ்வொரு முறையும் அவர் பதில் சொன்னது வாயால் அல்ல, கையால்.

ஆட்டம் எப்படி?

பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறை. பந்து வீசுபவர் மைதானத்தின் நடுவே ஒரு சிறு மேட்டில் நிற்பார். சுமார் 60 அடி தூரத்தில் எதிரி மட்டையுடன் நிற்பார். பந்து தரையில் பட்டு எழும்பாது. நேராக வந்து பாயும். நல்ல பந்துகள் மூன்றைத் தவறவிட்டால் மட்டைக்காரர் ஆட்டம் இழந்து வெளியேற வேண்டியதுதான்.

ஆகவே, இந்த ஆட்டத்தில் பந்து வீச்சாளர்தான் அணியின் உயிர்நாடி. வீச்சாளர் சரியில்லை என்றால் மற்ற 8 பேரும் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும்.

மூட்டை தூக்கிய சிறுவன்

பெய்ஜ் 1906-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி அலபாமா மாநிலத்தில் மொபைல் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லீராய். கறுப்பு இனத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பம். தந்தை தோட்ட வேலை செய்தார். தாய் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்தார். வீட்டில் 12 குழந்தைகள். வருமானம் வாய்க்கும் வயிற்றுக்கும் எட்டவில்லை.

சிறுவன் லீராய் ரெயில் நிலையத்துக்குப் போனான். பயணிகளின் பைகளைத் தூக்கிக் காசு சம்பாதித்தான். ஒவ்வொரு பையாகத் தூக்கினால் எப்போது காசு சேருவது? ஒரு கம்பும் கயிறும் எடுத்தான். நாலைந்து பைகளை ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டு நடந்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பைகள் காய்த்துத் தொங்கும் மரம் நடந்து போகிறது என்று கேலி செய்தார்கள். சாட்சல் என்றால் ஆங்கிலத்தில் பை. அதுவே அவனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஊர் சுற்றினான். கடையில் சில்லறைப் பொருள்களைத் திருடியதாகப் பிடிபட்டான். 1918-ம் ஆண்டு, 12 வயதில், சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

தாய் அழுதாள். ஆனால் அங்கேதான் அவனுக்கு நல்ல காலம் பிறந்தது. ஒல்லியான உடம்பு, நீண்ட கை, நீண்ட கால். இந்த உடம்பு பந்து வீசுவதற்கென்றே படைத்தது என்று அங்கிருந்த பயிற்சி ஆசிரியர் எட்வர்டு பேர்டு கண்டுகொண்டார். இடது காலை வானத்தை நோக்கி உதைத்துத் தூக்கி, கையைச் சுழற்றி எறியக் கற்றுக்கொடுத்தார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தான். உள்ளே போனது மூட்டை தூக்கிய பையன். வெளியே வந்தது பந்து வீச்சாளர்!

மூடிய கதவு

கை வந்துவிட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய அணிகளில் வெள்ளையர்கள் மட்டுமே ஆடலாம். இப்படி ஒரு சட்டம் எழுதிவைக்கவில்லை. ஆனால் எழுதாத சட்டத்தை யாரும் மீறவும் இல்லை. கறுப்பர்கள் தங்களுக்கென்று தனி அணிகள், தனிப் போட்டிகள் நடத்தினார்கள். நீக்ரோ லீக் என்று அவற்றுக்குப் பெயர். பெய்ஜ் 1926-ம் ஆண்டு அங்கே தொழில் முறை ஆட்டக்காரர் ஆனார்.

பர்மிங்காம், பிட்ஸ்பர்க், கான்சாஸ் சிட்டி என்று அணி மாறி அணி ஆடினார். ஓய்வு என்பதே கிடையாது. கோடையில் லீக் ஆட்டம். குளிர்காலத்தில் ஊர் ஊராகக் காட்சி ஆட்டம். கூட்டம் கைதட்டும். ஆட்டம் முடிந்த பிறகு அதே ஊரில் வெள்ளைக்காரர் ஓட்டலில் சாப்பிட இடம் கிடையாது. தங்க அறை கிடையாது. பல இரவுகள் பஸ்ஸிலும் காரிலும் தூக்கம்.

குளிர்காலக் காட்சி ஆட்டங்களில் வெள்ளைக்கார நட்சத்திரங்களும் அவரை எதிர்த்து ஆடுவார்கள். மட்டை வீரர்களில் மன்னர் என்று பெயர் எடுத்த ஜோ டிமாஜியோ, தாம் சந்தித்த வீச்சாளர்களில் இவரே தலைசிறந்தவர் என்று சொன்னார். ஆனாலும் டிமாஜியோ ஆடிய மைதானத்துக்கு வாசல் வழி உண்டு, பெய்ஜுக்கு இல்லை.

கை போயிற்று!

1938-ம் ஆண்டு மெக்சிகோவுக்கு ஆடப் போனார். இத்தனை ஆண்டு ஓயாமல் எறிந்த கை அங்கே பழிவாங்கியது. தாங்க முடியாத வலி. தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியவில்லை. இனி பந்து வீச முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

வயது 32. வேறு தொழில் தெரியாது. நேற்று வரை அவருக்காகப் போட்டி போட்ட முதலாளிகள் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒருவர் மட்டும் அழைத்தார். கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியின் முதலாளி வில்கின்சன். முதல் அணியில் சேர்க்கவில்லை. ஊர் ஊராகச் சுற்றும் இரண்டாவது அணியில் போட்டார். கை போனாலும் பெயர் இருக்கிறது, பெயருக்குக் கூட்டம் வரும் என்பது அவர் கணக்கு. சின்னஞ்சிறு ஊர்களில் பெய்ஜ் மெதுவாக, தந்திரமாக எறிந்து சமாளித்தார்.

ஒரு நாள் வலி போய்விட்டது. வேகம் திரும்பிவிட்டது! ஆனால் இப்போது வேகம் மட்டும் அல்ல, வித்தையும் கூட இருந்தது. எறியப் போவதுபோல் காலை ஊன்றி, ஒரு கணம் தயங்கி, பிறகு எறிவார். எதிரி அதற்குள் மட்டையைச் சுழற்றிவிட்டு நிற்பார்!

1942-ம் ஆண்டு நீக்ரோ லீக் இறுதிப் போட்டியில் மோனார்க்ஸ் வாகை சூடியது. கை போனவர் என்று ஒதுக்கப்பட்டவர்தான் அதன் பெரிய தூண்.

முந்திக்கொண்ட இளைஞர்

1947-ம் ஆண்டு எழுதாத சட்டம் உடைந்தது. ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பு இளைஞர் புரூக்ளின் அணியில் இறங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பெய்ஜுடன் ஒரே அணியில் ஆடியவர்.

பெய்ஜ் மகிழ்ந்தார். மனசுக்குள் வலியும் இருந்தது. இருபது ஆண்டு அந்தக் கதவைத் தட்டியவர் அவர். திறந்தபோது வேறொருவர் உள்ளே போனார். குறை சொல்ல முடியாது. ராபின்சன் இளைஞர். பெய்ஜுக்கு 40 தாண்டிவிட்டது.

உண்மை வயது என்ன என்று யார் கேட்டாலும் அவர் பிடி கொடுக்க மாட்டார். பிறந்த தேதி பைபிளில் இருந்ததாம். அந்தப் பைபிளை ஆடு தின்றுவிட்டதாம்!

பத்திரிகையில் கண்டனம்

1948-ம் ஆண்டு கிளீவ்லாண்டு அணிக்கு வெற்றி வாய்ப்பு நெருங்கி இருந்தது. வீச்சாளர் பஞ்சம். அணியின் முதலாளி பில் வெக். போர்க்களத்தில் பட்ட காயத்தால் ஒரு காலை இழந்து மரக்கால் வைத்து நடந்தவர். வேடிக்கைகள் காட்டிக் கூட்டம் சேர்ப்பதில் மன்னர். அவர் பெய்ஜை ரகசியமாக வரவழைத்தார்.

அணித் தலைவர் லூ பூட்ரோ சந்தேகத்துடன் பார்த்தார். தாமே மட்டையை எடுத்து எதிரே நின்றார். அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கப் போகிறவர் அவர். அவராலேயே கிழவரின் பந்தைச் சரியாக அடிக்க முடியவில்லை. சந்தேகம் தீர்ந்தது. ஜூலை 7-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அன்று பெய்ஜுக்கு 42-வது பிறந்த நாள்!

நாடெங்கும் வாதம் எழுந்தது. பேஸ்பால் உலகின் பெரிய வாரப் பத்திரிகையின் ஆசிரியர் டெய்லர் ஸ்பிங்க் கடுமையாகக் கண்டித்தார். இது கூட்டம் சேர்க்கும் வேடிக்கை. ஆட்டத்தின் மதிப்பே போயிற்று. இவர் வெள்ளையராக இருந்தால் வெக் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று எழுதினார்.

வெக் அதற்குச் சொன்ன பதில் இன்றும் பேசப்படுகிறது. பெய்ஜ் வெள்ளையராக இருந்தால் 25 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய அணிக்கு வந்திருப்பார் என்றார் அவர்.

ஆகஸ்டு மாதம் பெய்ஜ் தொடக்க வீச்சாளராக இறங்கிய முதல் மூன்று ஆட்டங்களைப் பார்க்க 2 லட்சத்துக்கு மேல் மக்கள் வந்தார்கள். மூன்றிலும் வெற்றி. அதில் இரண்டில் எதிரிகளுக்கு ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை!

அந்தப் பருவத்தில் 6 வெற்றி, 1 தோல்வி. பருவம் முடிந்தபோது கிளீவ்லாண்டும் பாஸ்டனும் சம நிலையில் நின்றன. முடிவு காண இன்னும் ஓர் ஆட்டம் வைத்தார்கள். கிளீவ்லாண்டு வென்றது. உலகக் கோப்பைத் தொடரையும் வென்றது. கிழவரின் 6 வெற்றியில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தச் சமநிலையே வந்திராது.

ஏழை அணியின் கிழவர்

1951-ம் ஆண்டு வெக் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியை வாங்கினார். பாவப்பட்ட அணி. ஒரே ஊரில் கார்டினல்ஸ் என்ற இன்னோர் அணி இருந்தது. ஊர் முழுவதும் அந்தப் பக்கம். 1950-ம் ஆண்டு முழுவதும் பிரவுன்ஸ் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் இரண்டரை லட்சம் பேருக்கும் குறைவு.

அந்த அணிக்கு வெக் மறுபடியும் பெய்ஜை அழைத்தார். கடைசி இடத்தில் கிடக்கும் அணிக்கு 45 வயதுக் கிழவர் எதற்கு? கேட்க நியாயமான கேள்விதான்.

அடுத்த ஆண்டே பதில் வந்தது. 1952-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி டெட்ராய்ட் அணியுடன் ஆட்டம். வழக்கமாக 9 இன்னிங்சில் முடிய வேண்டியது. இரு பக்கமும் ரன் இல்லை. 10, 11, 12 என்று நீண்டது. பெய்ஜ் மேட்டை விட்டு இறங்கவில்லை. 12 இன்னிங்சும் அவரே வீசினார். எதிரிக்கு ரன்னே இல்லை. 1-0 என்று பிரவுன்ஸ் வென்றது. அப்போது அவருக்கு வயது 46!

அந்த ஆண்டு அவருக்கு 12 வெற்றி. நட்சத்திர அணிக்கும் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் ஒருவர் தோளில் ஓர் அணியைச் சுமக்க முடியுமா? பிரவுன்ஸ் எட்டு அணிகளில் ஏழாவதாகத்தான் வந்தது. 1953-ம் ஆண்டுக்குப் பிறகு அணியே வேறு ஊருக்குப் போய்விட்டது.

வேண்டாம் என்றவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. எடு என்றவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது.

சாய்வு நாற்காலி

1965-ம் ஆண்டு கான்சாஸ் சிட்டி அணி கடைசி இடத்தில் கிடந்தது. முதலாளி சார்லஸ் ஃபின்லி பெய்ஜை ஒரே ஓர் ஆட்டத்துக்கு அழைத்தார். மைதான ஓரத்தில் ஆடும் நாற்காலி போட்டார். பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்தினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

பெய்ஜ் எழுந்தார். மேட்டில் ஏறினார். மூன்று இன்னிங்ஸ் வீசினார். பாஸ்டன் அணிக்கு ஒரே ஓர் அடி கிடைத்தது. ரன் இல்லை. அன்று அவருக்கு 59 வயது, 2 மாதம், 18 நாள். அதைவிட முதிய வயதில் பெரிய அணியில் ஆடியவர் இன்றுவரை இல்லை.

சிரித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கதவு திறந்தது

வாழ்நாள் முழுவதும் பந்து எறிந்தவருக்கு முதுமையில் பென்ஷன் இல்லை. பெரிய அணிகளில் இருந்த நாட்கள் கணக்குக்குப் போதவில்லை. 158 நாட்கள் குறைந்தன. 1968-ம் ஆண்டு அட்லாண்டா அணி அவரைப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டு அந்த நாட்களை நிறைவு செய்தது.

1971-ம் ஆண்டு கூப்பர்ஸ்டவுன் ஊரில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் அளித்தார்கள். முதலில், நீக்ரோ லீக் வீரர்களுக்குத் தனிப் பகுதி என்றார்கள். இங்கேயும் தனிப் பந்தியா என்று மக்கள் கொதித்தார்கள். ஏற்பாடு மாறியது. மற்ற வீரர்களுக்குச் சமமாகவே அவரைச் சேர்த்தார்கள்.

1982-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி கான்சாஸ் சிட்டியில் ஒரு மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டினார்கள். சக்கர நாற்காலியில் வந்து பார்த்தார். மூன்று நாள் கழித்து, ஜூன் 8-ந் தேதி, காலமானார். வயது 75.

2024-ம் ஆண்டு நீக்ரோ லீக் ஆட்டங்களின் கணக்குகளையும் பெரிய லீக் கணக்கோடு சேர்த்தார்கள். பெய்ஜின் இளமைக் கால ஆட்டங்களும் அதில் ஏறின.

கிழவரை எடுக்கலாமா என்ற வாதம் இன்னும் ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிறது. வயதைக் கேட்பதில் தவறு இல்லை. ஆனால் சாட்சல் பெய்ஜிடம் 42 வயதில் அதைக் கேட்டவர்கள், 20 வயதில் அவருக்கு ஏன் கதவைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.