சகோதரன் தோலும் ஒட்டவில்லை!
1940-ம் ஆண்டு. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பீட்டர் மெடவார் மனைவியுடனும் பெண் குழந்தையுடனும் தோட்டத்தில் இருந்தார்.

திடீரென்று ஒரு ஆகாய விமானம் தாழ்வாகப் பறந்து வந்தது. எதிரி விமானம் என்று அனைவரும் பயந்துவிட்டார்கள். ஆனால் அது பிரிட்டிஷ் விமானம். சற்றுத் தூரத்தில் விழுந்து தீப்பற்றி எரிந்தது.

விமானிக்கு உயிர் இருந்தது. உடம்பில் பெரும் பகுதி வெந்து போயிருந்தது. மிச்சமிருந்த சொந்தத் தோல் போதாது. பிறர் தோலை வைத்தால், சில நாளில் உதிர்ந்துவிடும். என்ன செய்யலாம் என்று டாக்டர்கள் மெடவாரைக் கேட்டார்கள்.

மெடவார் வைத்தியர் அல்ல. பிராணி நூல் படித்தவர். 1915-ல் பிரேசில் நாட்டில் பிறந்தவர். தந்தை லெபனான் வம்சம்; தாய் ஆங்கில மாது. அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

அவர் கிளாஸ்கோ ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே தீயில் வெந்த ஒரு பெண்ணுக்கு, டாக்டர் கிப்சனுடன் சேர்ந்து, அவள் சகோதரனின் தோலைச் சிறு சிறு துண்டுகளாக வைத்துப் பார்த்தார். கூடப் பிறந்தவன் தோல்தான். ஆனாலும் சில நாளில் அழிந்தது. மறுபடி வைத்தார்கள். இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாக அழிந்தது!

ஒரு தடவை திருடிய ஆளை மறுபடி கண்டால், ஊரே உடனே கூடிவிடும் அல்லவா? உடம்பும் அப்படித்தான். அன்னியனை அது நினைவில் வைத்துக்கொள்கிறது. 1943-ல் மெடவார் இதை வெளியிட்டார்.

விரட்டுவது யார்? ரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளை அணுக்கள். கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்கும் அதே அணுக்கள்தான்!

அவற்றைப் பழக்க முடியுமா? மெடவாரும், பில்லிங்காம், பிரெண்ட் என்ற இருவரும், தாய் வயிற்றில் இருந்த பழுப்பு எலிக் குஞ்சுகளுக்கு வெள்ளை எலியின் அணுக்களை ஊசியால் செலுத்தினார்கள். குஞ்சுகள் வளர்ந்ததும் வெள்ளை எலியின் தோலை ஒட்டினார்கள். சில எலிகளில் அது ஒட்டிக்கொண்டது. பழுப்பு முதுகில் வெள்ளை ரோமம் வளர்ந்தது!

பிறகு வேறொரு சோதனை. வெள்ளை எலித் தோலை ஏற்கனவே விரட்டிய பழுப்பு எலியின் நெறிகட்டிகளை எடுத்து, இந்த எலிகளுக்குள் வைத்தார்கள். நெடுநாள் நன்றாக இருந்த தோல் அழிந்துவிட்டது. குற்றவாளி அந்த அணுக்களே என்பது தெரிந்தது. இது 1953-ல் வெளிவந்தது.

1960-ல் மெடவாருக்கும் ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மெடவார் தன் பங்குப் பணத்தில் கூட்டாளிகள் இருவருக்கும் கொடுத்தார். பெரிய மனசு.

1969-ல், ஒரு மாதா கோவிலில் வேதம் வாசிக்கும்போது பக்கவாதம் தாக்கியது. அப்படியும் ஆராய்ச்சியையும் எழுத்தையும் விடவில்லை. 1987-ல் காலமானார்.

மாற்றுச் சிறுநீரகத்துடன் 20, 30 ஆண்டு வாழ்கிறவர்கள் இன்று உண்டு. ஆனால் பெரும்பாலோர் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். நிறுத்தினால் வெள்ளை அணுக்கள் மறுபடி கிளம்பிவிடும். மாத்திரையின் பலத்தில் அவை அடங்கியிருப்பதால், கிருமிகளும் சுலபமாகப் புகுந்துவிடும்.

அந்தப் போர் அணுக்களை அடக்கி வைக்கும் இன்னொரு வகை அணுக்களும் உடம்பில் உண்டு. 1995-ல் இவற்றை அடையாளம் காட்டிய ஜப்பான் விஞ்ஞானி சாகாகுச்சிக்கு, அமெரிக்கர் இருவருடன் 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியிடமிருந்தே இந்த அணுக்களை எடுத்து, பெருக்கி, திரும்பச் செலுத்திப் பார்க்கும் சோதனைகள் நடந்து வருகின்றன.