ஜே. சி. குமரப்பா

ஜே. சி. குமரப்பா (ஜனவரி 4, 1892 - ஜனவரி 30, 1960) தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர், காந்தியவாதி. இயற்பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். இலண்டனில் கணக்காய்வாளராகத் தகுதி பெற்றவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றபோது, இந்திய வறுமைக்கு ஆங்கிலேய அரசின் நிதிக்கொள்கையே காரணம் எனக் கண்டார். 1929இல் காந்தியைச் சந்தித்தபின் கதருக்கு மாறினார்.

கிறித்தவ நம்பிக்கையை இவர் அரசியலிலிருந்து பிரிக்கவில்லை. அறப்போராட்டத்தை அரசு வன்முறையால் ஒடுக்கியபோது திருச்சபை அரசின் பக்கம் நின்றதைக் கண்டித்துக் கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட்டுக்கு மடல் எழுதினார். 1934இல் உருவான அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தி, செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி போன்றவற்றுக்காகப் பாடுபட்டார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறைப்பட்டபோது இயேசுவின் போதனைகளைப் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரம் பற்றி மற்றொன்றும் எழுதினார். இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். இறுதிக்காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். இறந்தது காந்தியின் நினைவு நாளில்.