பத்து அங்குலச் சக்கரம்

காரின் சக்கரத்தை யாரும் உற்றுப் பார்ப்பது கிடையாது. நடுவழியில் பஞ்சர் ஆகி, ஸ்டெப்னியைக் கழற்றி மாட்டும்போதுதான் அதன் நினைவே வருகிறது.

ஆனால், காரின் சக்கரத்தைக் குறைத்தே பெயர் வாங்கிய ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். எல்லாரும் பெரிய சக்கரம் போட்டுக் கொண்டிருந்த காலத்தில், அவர் பத்து அங்குலச் சக்கரம் கேட்டார். டயர் கம்பெனிக்காரர்களே திகைத்துப் போனார்கள்!

அவர்தான் சர் அலெக் இசிகோனிஸ். உலகம் முழுவதும் ஓடிய "மினி" காரை உருவாக்கியவர்.

ஊரை விட்டு ஓட்டம்

இசிகோனிஸ் இங்கிலாந்தில் பிறந்தவர் அல்ல. 1906-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, துருக்கி நாட்டின் கடற்கரை நகரமான ஸ்மிர்னாவில் பிறந்தார். இன்று அந்த ஊருக்கு இஸ்மிர் என்று பெயர்.

தகப்பனார் கிரேக்க வம்சத்தவர். ஆனால் பிரிட்டிஷ் பிரஜை. கப்பல் என்ஜின்களைச் செப்பனிடும் பட்டறை வைத்திருந்தார். தாயார் ஹுல்டா, ஜெர்மனியில் பவேரியாவைச் சேர்ந்த குடும்பத்துப் பெண். பட்டறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பையன் வளர்ந்தான். வீட்டில் வசதிக்குக் குறைவு இல்லை.

1922-ம் ஆண்டு எல்லாம் தலைகீழாக மாறியது. கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் நடந்த போரின் முடிவில், செப்டம்பர் மாதம் துருக்கிப் படை நகருக்குள் நுழைந்தது. நகரம் தீப்பற்றி எரிந்தது. பிரிட்டிஷ் பிரஜைகளைக் கப்பலில் ஏற்றி மால்டா தீவுக்குக் கொண்டு போனார்கள். வீடு, பட்டறை, சொத்து எல்லாம் போயிற்று.

மால்டாவிலேயே தகப்பனார் காலமானார். கணவரை இழந்த ஹுல்டா, மகனை அழைத்துக்கொண்டு 1923-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார். அன்று முதல் தாய்க்கு மகன், மகனுக்குத் தாய். வேறு துணை இல்லை.

கணக்கில் மூன்று முறை தோல்வி!

லண்டனில் பாட்டர்சி பாலிடெக்னிக்கில் என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்தார். படம் வரைவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் கணக்கு வரவில்லை. ஒரு முறை அல்ல, மூன்று முறை கணக்குப் பரீட்சையில் தோற்றார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பிறகும் கணக்கின் மேல் இருந்த கோபம் அவருக்குப் போகவே இல்லை.

படிப்பு முடிந்ததும் தாயாரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பினார். அது ஒரு "சிங்கர்" கார். வழியில் பல தடவை மக்கர் செய்தது. இறங்குவதும், பழுது பார்ப்பதும், மறுபடி கிளம்புவதுமாகப் பயணம் நடந்தது. கல்லூரியில் படித்ததைவிட இந்தப் பயணத்தில் கார்களைப் பற்றி அதிகம் கற்றிருப்பார் என்றே தோன்றுகிறது.

1936-ல் ஆக்ஸ்போர்டு அருகே உள்ள மாரிஸ் கார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சக்கரத்தையும் வண்டியையும் இணைக்கும் பாகங்கள்தான் அவருடைய பொறுப்பு. ஓய்வு நேரத்தில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து, ஒரு சின்னப் பந்தயக் காரைத் தம் கையாலேயே செய்தார். அதில் சக்கரங்களுக்கு ரப்பரையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்திப் பார்த்தார். இந்த ரப்பர் பின்னால் பெரிய உதவி செய்தது.

காரை இரண்டாக அறுத்தார்

உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, சாதாரணக் குடும்பத்துக்கு ஏற்ற ஒரு காருக்குப் படம் வரையத் தொடங்கினார். அதுதான் "மாரிஸ் மைனர்".

அந்தக் காலத்துக் கார்களில் 16 அங்குலச் சக்கரம் சாதாரணம். இவர் 14 அங்குலம் போதும் என்றார். சக்கரம் சிறிதானால் உள்ளே இடம் பெருகும் என்பது அவர் எண்ணம்.

கார் தயாராகும் கட்டத்தில் அதன் அகலம் அவருக்குப் பிடிக்கவில்லை. காரை நெடுக இரண்டாக அறுக்கச் சொன்னார்! இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கினார்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தினார். இடைவெளியை அளந்தால் 4 அங்குலம். ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்கள் வீணாகக் கூடாதே என்று, அவற்றையும் இரண்டாக வெட்டி நடுவில் ஒரு துண்டு வைத்தார்கள்.

கம்பெனி முதலாளி நப்பீல்டு பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவே இல்லை. வேக வைத்த முட்டை போல இருக்கிறதென்று கேலி செய்தார். ஆனால் 1948-ல் வெளிவந்த மைனர், 1960 முடிவதற்குள் பத்து லட்சத்தைத் தொட்டது. பிரிட்டிஷ் கார்களில் முதன் முதலாக அந்த எண்ணிக்கையை எட்டியது அதுதான். நம் நாட்டிலும் "பேபி ஹிந்துஸ்தான்" என்ற பெயரில் இந்த மைனர் ஓடியது.

கையை விரித்துக் காட்டினார்

1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த முட்டை வடிவக் குட்டி வண்டிகள் தெருவெல்லாம் ஓடின. கம்பெனித் தலைவர் லெனார்டு லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆத்திரம். உண்மையான ஒரு சின்னக் காரைச் சீக்கிரம் செய்து கொடு என்று இசிகோனிஸிடம் சொன்னார். என்ஜின் மட்டும் ஏற்கெனவே கம்பெனியில் இருப்பதாக இருக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை.

பத்து அடி நீளம். அதற்குள் நாலு பெரியவர்கள் உட்கார வேண்டும். மூட்டை முடிச்சும் வைக்க வேண்டும். எப்படி முடியும்?

என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்களை அதன் அடியிலேயே தள்ளினார். முன் சக்கரங்களே காரை இழுக்கும்படி செய்தார். இவ்வளவு செய்தும் ஒரு தடை பாக்கி இருந்தது. சக்கரம் சுழல்வதற்குக் காருக்குள் ஒரு கூடு வேண்டும். பெரிய சக்கரமானால் அந்தக் கூடு ஆள் உட்காரும் இடத்தைத் தின்றுவிடும்.

சக்கரம் எவ்வளவு பெரியதாக வேண்டும் என்று கேட்டபோது இசிகோனிஸ் வாயால் பதில் சொல்லவில்லையாம். இரண்டு கைகளையும் நீட்டி, இவ்வளவு என்று காட்டினாராம். அளந்து பார்த்தால் பத்து அங்குலம்! இப்படி ஒரு கதை மோட்டார் உலகில் இன்றும் சொல்லப்படுகிறது.

டன்லப் கம்பெனி இதற்கென்றே புதிய டயர் செய்து கொடுத்தது. இரும்பு ஸ்பிரிங்குக்கு இடம் இல்லாததால், அலெக்ஸ் மோல்டன் என்ற என்ஜினீயர் உருவாக்கிய ரப்பர் கூம்புகளைப் பொருத்தினார்கள். 1959 ஆகஸ்ட் 26-ந் தேதி மினி வெளிவந்தது. விலை 500 பவுனுக்குச் சற்றுக் குறைவு.

வந்த புதிதில் மழை பெய்தால் காருக்குள் தண்ணீர் புகுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடித்தட்டின் இணைப்பில் இருந்த குறை. பிறகு சரி செய்தார்கள்.

சின்னச் சக்கரத்தின் தொல்லை

இடம் கிடைத்தது, ஆனால் அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது.

மாட்டு வண்டிச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் தூரத்துக்குக் குழந்தையின் நடைவண்டிச் சக்கரம் பல சுற்றுச் சுற்ற வேண்டும். அதுபோல மினியின் டயர் ஒவ்வொரு மைலுக்கும் அதிகச் சுற்றுச் சுற்றியது. அதனால் சீக்கிரம் தேய்ந்தது. சாலைப் பள்ளத்தில் பெரிய சக்கரம் தாண்டிப் போகும். சின்னச் சக்கரம் இறங்கி ஏறும்.

பிரேக்தான் பெரிய சங்கடம். அது சக்கரத்துக்குள்ளேதான் அடங்க வேண்டும். பத்து அங்குலச் சக்கரத்துக்குள் பெரிய பிரேக்கை எங்கே வைப்பது? பந்தயக் கார் நிபுணரான ஜான் கூப்பர், வேகமான மினி ஒன்று செய்யலாம் என்றார். இது ஏழை எளியவர்களின் கார், பந்தயம் எதற்கு என்று இசிகோனிஸ் தயங்கினார். கடைசியில் 1961-ல் "மினி கூப்பர்" வந்தது. முன் சக்கரங்களுக்குள் ஏழு அங்குலத் தட்டு பிரேக்கை எப்படியோ நுழைத்தார்கள். 1964-ல் மாண்டி கார்லோ பந்தயத்தில் பெரிய பெரிய கார்களையெல்லாம் முந்தி இந்தக் குட்டிக் காரே வென்றது. 1965-லும் 1967-லும் மறுபடி வென்றது.

1984-ல் மினிக்கு 12 அங்குலச் சக்கரம் மாட்டினார்கள். சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதவில்லை. உள்ளே 8.4 அங்குலத் தட்டு பிரேக் வந்தது. டயர் வெளியே நீட்டியதால் அதை மூடப் பிளாஸ்டிக் விளிம்பு வைத்தார்கள்.

பழைய மினி வைத்திருப்பவர்கள் அழகுக்காகப் பெரிய சக்கரம் வாங்கி மாட்டுவது உண்டு. போல்ட் துளைகள் பொருந்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் கூட்டில் உரசுகிறது. சக்கரத்தின் நடுத்தட்டு முன் இருந்ததைவிட உள்ளே தள்ளி அமைந்திருந்தால் டயர் வெளியே நீட்டுகிறது, ஸ்டீயரிங் கனக்கிறது, பேரிங் சீக்கிரம் தேய்கிறது. டயரின் மொத்த உயரம் கூடிவிட்டால் வேகமானியும் ஏமாற்றும். அது சுற்றைத்தான் எண்ணுகிறது, தூரத்தை அல்ல. முள் 40 காட்டும்போது வண்டி அதற்கு மேலே போய்க்கொண்டிருக்கும். இந்த விஷயம் மினிக்கு மட்டும் அல்ல, எந்தச் சின்னக் காருக்கும் பொருந்தும்.

தாயாரோடு ஒரு வாழ்க்கை

இசிகோனிஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுடனேயே வாழ்ந்தார். 1969-ல் "சர்" பட்டம் கிடைத்தது. 1971-ல் ஓய்வு பெற்றபோது என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்கள். தங்கக் கடிகாரம் கேட்கவில்லை. குழந்தைகள் திருகாணி முடுக்கி விளையாடும் "மெக்கானோ" பெட்டியில் மிகப் பெரியது எதுவோ, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்!

அடுத்த ஆண்டு தாயார் ஹுல்டா காலமானார். எரியும் ஊரிலிருந்து கூட வந்தவர், அரை நூற்றாண்டு கூடவே இருந்தவர் போய்விட்டார். அதன் பிறகும் பல ஆண்டுகள் அவர் புதிய கார்களுக்குப் படம் வரைந்துகொண்டுதான் இருந்தார். அந்தக் கார்கள் சாலைக்கு வரவில்லை.

1988-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பர்மிங்காமில் காலமானார். அவருடைய மினி அதற்குப் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் தயாரானது. 2000-ம் ஆண்டு அக்டோபரில் கடைசி வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது மொத்த எண்ணிக்கை 53 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்தக் கடைசி வண்டியில் பத்து அங்குலச் சக்கரம் இல்லை.